ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லையா?

கேள்வி: எங்கள் வீடு குலசேகரத்துக்கு மேலே. அப்பாவுக்கு 54 வயது, முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறார். ஐந்து மாதமாக வெட்டுக்குப் போகவில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கே விழித்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்’ என்கிறார். தலை கனக்கிறது என்றதால் நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல் என்றார்கள். டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியே, இது வெறும் மடி (சோம்பல்)’ என்று மாமா சொன்னதும், ஒன்பது நாளோடு அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். மனச்சோர்வு வந்தால் மூளை சுருங்கும், ஸ்கேனில் தெரியும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை? மூளை வேலை செய்வதையே படம் எடுக்கும் ஸ்கேன் திருவனந்தபுரத்தில் இருக்கிறதாம். அம்மாவின் செயினை அடகு வைத்து எடுக்கட்டுமா?
– பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்.

அன்புள்ள தங்கைக்கு,

செயின் அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. அப்பாவுக்கு இப்போது வேண்டியது நிறுத்திய மாத்திரையும், வீட்டில் அவரை நம்பும் ஒரு ஆளும்தான்.

ஒக்கி புயலுக்கு அடுத்த வருடம், கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மா தன் கணவரை என்னிடம் கூட்டிவந்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லம்மா, நார்மல்’ என்றேன். அந்த அம்மா உடனே கணவர் பக்கம் திரும்பி, ‘கேட்டீரா? ஒண்ணும் இல்லியாம். நாளைக்கே கடலுக்குப் போவும்’ என்றார். அந்த மனிதர் மடியில் வைத்திருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார், நிமிரவே இல்லை. நான் சொன்னது படத்தைப் பற்றி. அவர்கள் கேட்டுக்கொண்டது மனிதரைப் பற்றி. அந்தத் தவறு என்னுடையது. இன்றும் அந்தத் துண்டு கண்ணில் நிற்கிறது.

உங்கள் டாக்டர் ஸ்கேன் எழுதியது சரிதான். 54 வயதில் முதல்முறையாக இப்படி வந்து, தலையும் கனக்கிறது என்றால் கட்டி இருக்கிறதா, ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, எப்போதோ விழுந்ததில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். அவை எதுவும் இல்லை என்பதுதான் அந்த ‘நார்மல்’. மனச்சோர்வு இருக்கிறதா என்ற கேள்வியை அந்தப் படத்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

அப்படியென்றால் யூடியூபில் சொல்வது பொய்யா? பொய்யில்லை, பாதிதான் சொல்கிறார்கள். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நினைவுக்கும், மன அழுத்தத்தை அடக்குவதற்கும் அது வேண்டும். பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டது. நோயாளிகளுக்கு அந்தப் பகுதி சராசரியாக ஒன்றேகால் சதவீதம் போல சிறியதாக இருந்தது. ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் மூன்று மில்லி அளவுக்குத்தான் வரும். அதில் ஒன்றேகால் சதவீதம் என்றால், சிரட்டையில் சொட்டும் ஒரு துளிப் பாலைவிடக் குறைவு. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் இரண்டு பேருக்கு நடுவிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும் கணக்கு அது, உங்கள் அப்பா ஒருவருடைய படத்தில் எப்படித் தெரியும்?

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. இந்தச் சுருக்கம் திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களிடமும் இளவயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் தெரிந்தது. முதல்முறை வந்தவர்களிடம் தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு இதுதான் முதல்முறை. மூளை சுருங்கிவிட்டதோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் நாளைத் தள்ளவும் வேண்டாம். சிகிச்சை இல்லாமல் கழிந்த நாட்கள் கூடக் கூட அந்தப் பகுதி சிறியதாக இருந்ததை 2003-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது.

சரி, வேலை செய்வதையே படம் எடுக்கும் ஸ்கேன். எஃப்.எம்.ஆர்.ஐ. என்பார்கள். மூளையில் எந்த இடம் மும்முரமாக வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் அதிகம் பாயும். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் மாறினால் காந்த சிக்னலும் மாறும் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார், அந்த நுட்பம்தான் இது. மனச்சோர்வைப் பற்றி இதில் தெரிந்துகொண்டது ஏராளம். நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டில், சோகத்தோடு சேர்ந்து இயங்கும் ஓரிடம் இருக்கிறது. அங்கே மின்முனை வைத்துத் தூண்டி, எந்த மருந்துக்கும் அசையாத ஆறு பேரில் நால்வருக்குக் குணம் கண்டார்கள் ஹெலன் மேபெர்க்கும் குழுவினரும், 2005-ல். நாம் சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே நினைக்க வைக்கும் ஒரு வலைப்பின்னலும் உண்டு. மனச்சோர்வில் அதன் இணைப்பு கூடுகிறது என்று 2015-ல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. குறைகிறது என்று 2019-ல் சீனாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆராய்ச்சி இன்னும் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. அதை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதை என் மனம் ஒப்பாது.

ஜெர்மனியில் 1,809 பேருக்கு மூளையின் அமைப்பு, இயக்கம் இரண்டையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான அந்த முடிவுப்படி, நோய் உள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் 87 சதவீதத்துக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடந்தன. படத்தை மட்டும் கொடுத்து யாருக்கு நோய் என்று கேட்டால், காசைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். மனநோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இன்னும் உதவாது என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் குழுவும் 2018-ல் எழுதிவிட்டது.

மாமாவிடம் இந்தக் கணக்கெல்லாம் சொல்ல வேண்டாம். ரப்பர் மரத்தைக் காட்டிச் சொல்லுங்கள். சில மரங்கள் பார்க்கத் திடமாக நிற்கும். பட்டையில் குறையிருக்காது, இலையும் பச்சையாகத்தான் இருக்கும். கத்தி வைத்தால் பால் வராது. அந்த மரத்தை மடி பிடித்த மரம் என்று அவர் திட்டுவாரா? வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்கச் சொல்வார். முப்பது வருடம் இருட்டில் எழுந்து, தலையில் லைட் கட்டி மலையேறியவருக்கு ஐந்து மாதத்தில் திடீரென்று மடி வருமா என்றும் கேளுங்கள்.

தூக்கம், பசி, எடை, வேலையில் ஈடுபாடு எல்லாம் ஒன்றாகக் கெட்டு, வாரக்கணக்கில் நீடிப்பதுதான் இந்த நோயின் அடையாளம். டாக்டர் கேட்டும் பார்த்தும் சொன்னது ஸ்கேனைவிட உறுதியானது. தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்காமல் இருந்தால் பார்த்துவிடுங்கள், இதே சோர்வை அவையும் கொண்டுவரும். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகலாம். ஒன்பது நாளில் ஒன்றும் தெரிந்திருக்காது. குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டிவரும். பழைய மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், அதே டாக்டரிடம் போங்கள். செலவு அதிகம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அந்த ஸ்கேன் கவரும் கையில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்’ என்ற வரி. இன்று இரவே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ‘செத்துப் போகலாம்னு தோணுதாப்பா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நேரமானாலும் 14416-ஐ அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். அவர் என்ன பதில் சொன்னாலும், ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருக்கும் ஆசிட்டும் பூச்சிமருந்தும் இனி உங்கள் வீட்டில் வேண்டாம், வேறு வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மணிக்கு அவர் திண்ணைக்கு வரும்போது யாராவது ஒருவர் கூட உட்காருங்கள். பேச வேண்டும் என்றில்லை. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விழிக்கிறார், கருப்பட்டிக் காப்பியை அவராகக் கேட்கிறாரா, வெட்டுக்கத்தியை எடுத்துத் தீட்டிப் பார்த்தாரா என்று.