பரணில் கிடக்கும் கட்டு

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 44. தென்காசிப் பக்கம் சிவில் வழக்குகள் நடத்தி வந்தேன். போன வருஷம் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமும் கவிதை எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. மாமனார் விசேஷ வீடுகளில், "மாப்பிள்ளை லீவுல இருக்காரு" என்கிறார். கோர்ட் நண்பர்கள், "கவிஞரே, அடுத்த வாய்தா எப்போ?" என்று சிரிக்கிறார்கள். மனைவி என் கவிதைகளைப் படிப்பதே இல்லை. மேசையில் கையெழுத்துப் பிரதியை வைத்தால், அதன்மேலேயே முருங்கைக்கீரையை ஆய்கிறாள்.

பணக் கஷ்டமில்லை. கடை வாடகை வருகிறது, அவளும் டீச்சர். ந. பிச்சமூர்த்தியும் கும்பகோணத்தில் வக்கீல் தொழிலை விட்டவர்தானே? அவரைப் புதுக்கவிதையின் முன்னோடி என்கிறோம், என்னை மட்டும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்? கேஸ் கட்டுகளை எல்லாம் ஜூனியரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வயதான அம்மாவின் கட்டு மட்டும் பரணில் கிடக்கிறது. கொழுந்தன் அவர்மேல் போட்ட வீட்டு வழக்கு. ஃபீஸ் வராது என்று ஜூனியர் வாங்கவில்லை. அந்த அம்மா போன் செய்தால் மனைவி எடுத்து, "சார் வெளியூர்" என்று சொல்லிவிடுவாள். அது கிடக்கட்டும். கட்டினவளே ஒரு வரி படிக்கவில்லை என்றால் யாருக்காக எழுதுவது?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

மாமனாரும் கோர்ட் நண்பர்களும் பேசிக் களைத்துப் போவார்கள். "அது கிடக்கட்டும்" என்றீர்களே, அதைக் கிடக்கவிட எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் தொழிலை விட்டது கோர்ட்டுக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்காக ஆஜராகிறேன் என்று கொடுத்த வக்காலத்துப் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. அந்த அம்மா பிரதிவாதி. யாரும் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இதெல்லாம் தெரியாது. சார் வந்துவிடுவார் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"சார் வெளியூர்" என்ற பொய்யை ஒவ்வொரு முறையும் சொல்வது உங்கள் மனைவி. வேலைக்குப் போய்வந்து, தன் வீட்டைப் பறிகொடுக்கப் பயப்படும் ஒரு கிழவியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார். உடனே உங்கள் கவிதையை எடுத்துப் படிக்க அவருக்கு எப்படி மனசு வரும்? அவருக்குக் கவிதை பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த நிலைமையில் உங்களுக்கும் தெரிய வழியில்லை. அவர் கோபத்தைக் கவிதைமேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொண்டால் உங்களுக்குச் சௌகரியம். புரியாத உலகத்தில் தனியாக நிற்கும் கவிஞன் ஆகிவிடலாம். பரணில் ஏற வேண்டியதில்லை.

பிச்சமூர்த்தியை இழுத்தீர்கள், சரி. 1934-லேயே ‘மணிக்கொடி’ பத்திரிகையில் அவர் கவிதை வந்துவிட்டது. அப்போது அவர் வக்கீல்தான். தொழிலை விட்ட பிறகும் கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். பிறர் காரியங்களைக் கவனித்துக்கொண்டேதான் அவர் எழுதினார்.

நீங்கள் கோர்ட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட்டது உங்கள் உரிமை. ஆனால் முறையாக விடுங்கள். இந்த வாரமே அந்த அம்மாவை நீங்களே கூப்பிடுங்கள். அடுத்த வாய்தா தேதியைச் சொல்லுங்கள். நல்ல வக்கீல் ஒருவரைப் பார்த்துக் கொடுத்து, வக்காலத்து மாற்ற ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஃபீஸ் கட்ட முடியாதென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள்; பெண்களுக்கு அங்கே இலவச வக்கீல் உண்டு. வாங்கிய பணத்தில் மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுங்கள். போன் பேசும்போது மனைவி பக்கத்தில் இருக்கட்டும். அன்றைக்கே கவிதையை நீட்டிவிடாதீர்கள்.