பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் கைவலியோடு வெளியேறினால், வர்ணனையாளர் அவரைத் திட்டுவது சரியா?

திட்டட்டும், ஆனால் ஸ்கேன் முடிவு வரும்வரையாவது பொறுக்கலாம். ராப் டிபிள் என்ற வர்ணனையாளர் பொறுக்கவில்லை.

2010 ஆகஸ்ட், பிலடெல்பியா. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் புதுமுகம் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு சேஞ்சப் பந்தை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) வீசிவிட்டு முகத்தைச் சுளித்தார், வலது கையை உதறினார். உடனே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அந்த அணியின் டிவி வர்ணனையாளரான டிபிள் வானொலியில், பல்லைக் கடித்துக்கொண்டு வீச வேண்டியதுதானே என்கிற தொனியில் வெளுத்து வாங்கினார். சில நாளில் தெரிந்தது, முழங்கையில் எலும்புகளை இணைக்கும் நாரான லிகமென்ட் கிழிந்திருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் டிபிளுக்கு வேலை போனது, ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இத்தனைக்கும் டிபிளே முன்னாள் பிட்சர், கைக் காயங்களால் சீக்கிரம் ஓய்ந்தவர்!

லிகமென்ட் தசை மாதிரி இல்லை. பயிற்சியாலோ வைராக்கியத்தாலோ முறுக்கேற்ற முடியாது. கிழிந்தால் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோக்க வேண்டும். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்தார், டாமி ஜான் என்ற பெயரே சிகிச்சைக்கும் நிலைத்துவிட்டது. திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

அப்புறம் 2012இல் நேர்மாறான சண்டை. அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, கையைக் காப்பதற்காக ஸ்ட்ராஸ்பர்க்கை அந்த சீசனில் 159 இன்னிங்ஸ் வீசியதோடு உட்கார வைத்தார்கள். பிளே ஆஃபின் முதல் சுற்றைத் தாண்டாமலே அணி தோற்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, டிபிளின் கோபம்தான் புரியவில்லை. 2019 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்று) அதே ஸ்ட்ராஸ்பர்க்தான் சிறந்த வீரர்.