10-ஆம் வகுப்பு மகன், டிஃபென்சிவ் லைன், என்எஃப்எல் கனவு: ஒரு தந்தைக்குப் பதில்

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 235 பவுண்டு. பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் லைனில், அதாவது எதிரணியை முன்னால் நின்று தடுக்கும் வரிசையில், ஆடுகிறான். தொழில்முறை லீகான என்எஃப்எல்தான் என் வேலை என்கிறான். கோச் இன்னும் 40 பவுண்டு ஏற்றச் சொல்கிறார். உடம்பும் படிப்பும் கெட்டுவிடும் என்று அவன் அம்மா அழுகிறாள். எங்களுக்கு எச்-1பி வேலை விசா, அவனுக்கு அதைச் சார்ந்த எச்-4. விடுவதா, நிறுத்துவதா?

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம். ஆனால் என்எஃப்எல்லை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள். அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு நல்ல கல்லூரி இடம். அதற்கு எது உதவுமோ அதைச் செய்யலாம், எது கெடுக்குமோ அதைத் தவிர்க்கலாம்.

கணக்கை முதலில் பார்த்துவிடுங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பள்ளியில் ஃபுட்பால் ஆடும் சுமார் 10 லட்சம் பேரில் கல்லூரி அணிக்குப் போவது 100-க்கு 7 பேர். அதில் மேல்நிலையான முதல் டிவிஷன் என்றால் 3 பேர்கூட இல்லை. என்எஃப்எல் அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் ட்ராஃப்டுக்குக் கல்லூரியில் தகுதி பெறுபவர்களிலும் 100-க்கு 2 பேரைக்கூட எடுப்பதில்லை. 32 அணிகளும் 7 சுற்றில் எடுப்பது, எல்லாப் பொசிஷனும் சேர்த்து, ஆண்டுக்கு 257 பேர் அளவுதான்.

அடுத்து, கோச்சிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்துக்கு 40 பவுண்டு?" டிஃபென்சிவ் லைனில் எல்லாருக்கும் ஒரே வேலை இல்லை. எதிரணி வரிசையின் நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் சென்டருக்கு நேரெதிரே நிற்கும் நோஸ் டாக்கிள் இரண்டு பேரின் தள்ளலைத் தாங்க வேண்டும். தொழில்முறை அணிகளில் 310 முதல் 350 பவுண்டு வரை இருப்பார்கள். சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டின் வெளித்தோளில் நிற்பவனை 3-டெக்னிக் என்பார்கள். கார்டுக்கும் அவனுக்கு வெளியே நிற்கும் எதிரணி டாக்கிளுக்கும் நடுவே உள்ள 'பி' கேப் என்ற இடைவெளியில் பாய்வது அவன் வேலை, எடை 280 முதல் 310. ஓரத்தில் நிற்கும் எட்ஜ் 250, 270 பவுண்டில் இருப்பான். அவனுக்கு நீண்ட கையும் 6 அடி 3 அங்குலத்துக்கு மேல் உயரமும் எதிர்பார்ப்பார்கள். உங்கள் மகன் இனி வளராவிட்டால் அவனுக்குப் பொருந்துவது 3-டெக்னிக்தான்.

இந்த உயரத்துக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஏரன் டொனால்ட். அவரும் 6 அடி 1 அங்குலம்தான். 2014 ட்ராஃப்டில் 13-ஆவது ஆளாகத் தேர்வாகி, மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கி, 2024-இல் ஓய்வு பெற்றார். இதைக் கேட்டு மகன் துள்ளினால் அடுத்த வரியையும் படிக்கக் கொடுங்கள்: 285 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.68 விநாடியில் ஓடியவர், 225 பவுண்டு பாரத்தை 35 முறை பெஞ்ச் செய்தவர். உயரக் குறைவை அந்த வேகம் ஈடு கட்டியது. ஆகவே எடையைவிட முக்கியமாக நீங்கள் குறித்து வைக்க வேண்டியது முதல் 10 யார்டு ஓட்ட நேரம். மாதம் ஒரு முறை, அதே மைதானம், அதே காலணி. எடை ஏற ஏற அந்த நேரம் அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ ஏறுவது தசை. நேரம் கூடினால் ஏறுவது கொழுப்பு. அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஆட்டத்தில் என்ன பார்ப்பது என்று தெரியாமல்தான் பல பெற்றோர் சாக் எண்ணிக்கையை, அதாவது குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தியதை, மட்டும் எண்ணுகிறார்கள். கல்லூரி கோச் வீடியோவில் பார்ப்பது முதல் ஒரு விநாடியை. ஒரு கை தரையில், கண் பந்தின் மேல். எதிரணி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரலுக்குக் கிளம்பினால் ஏமாந்து 5 யார்டு பெனால்டி வாங்குவான்; பந்து அசைந்தால்தான் அசைய வேண்டும். முதல் அடி சின்னதாக, இரண்டாவது அடி தரையில் படும் முன் இரண்டு கையும் எதிராளியின் நெஞ்சுக்கு உள்பக்கம் போயிருக்க வேண்டும், இடுப்பு தாழ்ந்தே இருக்க வேண்டும். பள்ளி அளவில் பலமான பையன்கள் கெடுவது இரண்டாவது அடியில். அங்கே நிமிர்ந்துவிடுவான், எதிரே உள்ள கார்டு அவன் தோளுக்குக் கீழே புகுந்து தூக்கிவிடுவான். இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது நிமிர்ந்தால் பின்னால் நிற்கும் தன் அணி லைன்பேக்கர் மேலேயே போய் விழுவான். இதற்கு ஜிம்மைவிட நல்ல மருந்து மல்யுத்தம். குளிர்கால சீசனில் பள்ளி மல்யுத்த அணியில் சேரச் சொல்லுங்கள். வசந்தத்தில் குண்டு எறிதல். தனியார் கேம்ப்களுக்குக் கொட்டும் பணத்தில் பாதி மிச்சமாகும்.

எடைக்கு வருகிறேன். வாரத்துக்கு அரை பவுண்டு, அதற்கு மேல் வேண்டாம். அதிலும் சீசன், காய்ச்சல், பரீட்சை எல்லாம் போக ஆண்டுக்கு 12 முதல் 15 பவுண்டு ஏறினால் போதும். 40 பவுண்டு என்பது கல்லூரி இரண்டாம் ஆண்டு வரைக்குமான கணக்கு. புரதம் ஒரு நாளைக்கு 170 கிராம் தேவைப்படும். சோறு, சாம்பார், ஒரு கரண்டி பருப்பு வைத்து அதை எட்டவே முடியாது. முட்டை, கோழி, மீன். சைவ வீடானால் பனீர், சோயா, கெட்டித் தயிர், வே பவுடர். பவுடர் டப்பாவில் 'என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கலப்படப் பவுடரால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி என்னும் சர்க்கரைச் சோதனை, ரத்த அழுத்தம் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் குறியுங்கள். குறட்டை புதிதாக ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற என்எஃப்எல் வீரர்களைப் பற்றிய 2012 அமெரிக்க அரசு ஆய்வில், மற்ற பொசிஷன்காரர்களைவிட டிஃபென்சிவ் லைன்மேன்களிடம்தான் இதய நோய் மரணம் உறுத்தும் அளவு கூடுதலாகத் தெரிந்தது.

தலை அடி பற்றிய பயம் நியாயமானது. லைன்மேனுக்குப் பெரிய ஒரு மோதலைவிட, ஒவ்வொரு ஆட்டத்திலும் படும் சின்னச் சின்ன இடிகள்தான் கவலை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் சோதித்த 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளையில் 110-இல் சிடிஇ என்னும் மூளைச் சிதைவு நோய் இருந்தது. அவை பெரும்பாலும் சந்தேகம் இருந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை, எனவே எல்லா வீரருக்கும் அதே விகிதம் என்று ஆகாது. அலட்சியம் செய்யவும் முடியாது. டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் சீசனின்போது ஒரு மாணவனுக்கு வாரம் 90 நிமிடத்துக்கு மேல் முழு மோதல் பயிற்சி கூடாது. உங்கள் பள்ளி அதைக் கடைப்பிடிக்கிறதா என்று கேளுங்கள். ஆகஸ்ட் வெயிலுக்கு இன்னொரு கேள்வி: மைதானத்தின் ஓரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? என்எஃப்எல் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்குதலால் இறந்தார். வெப்பத்தில் சுருண்டவனை முதலில் தொட்டியில் இறக்கிக் குளிர வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். தொட்டியும், காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னரும் இல்லாத பள்ளியென்றால், "நிறுத்துவதா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் மாறும்.

படிப்பில் பெற்றோர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. முதல் டிவிஷனுக்கு, என்சிஏஏ ஏற்கும் கோர் பாடங்கள் 16 வேண்டும், அவற்றில் மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.3. நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு பொருட்டே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் மதிப்பெண்ணில் வராது. 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன் 10 கோர் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணக்கு, அறிவியலில். பள்ளி நடத்தும் எல்லாப் பாடமும் கோர் பட்டியலில் இருக்காது. சில ஆன்லைன் பாடங்கள் விழுந்துவிடும். என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்தில் உங்கள் பள்ளியின் பட்டியல் இருக்கிறது. இந்த வாரமே மகனின் மதிப்பெண் பதிவான ட்ரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுங்கள்.

நல்ல மதிப்பெண் உள்ள 260 பவுண்டு பையனுக்குப் பெரிய டெக்சஸ் அணிகளைவிட, படிப்புக்குப் பேர்போன கல்லூரிகள் ஆடும் ஐவி லீகும் பேட்ரியட் லீகும் பொருத்தமான வாசல். ஐவியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவி உண்டு, கோச் விரும்பினால் அட்மிஷனில் அது எடுபடும். மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டுக்காகப் பணம் தர மாட்டார்கள். 11-ஆம் வகுப்பு சீசன் முடிந்ததும் மூன்று நிமிட வீடியோ தயாராகட்டும். சிறந்த ஐந்து ஆட்டத் துணுக்குகள் முதலில், பாட்டு வேண்டாம். அந்தக் கோடைக்குள் எந்தக் கல்லூரி கோச்சும் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்றால், எடை ஏற்றும் திட்டத்தை அத்தோடு முடித்துவிடுங்கள்.

என்எஃப்எல் சம்பளத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2025-இல் புதியவருக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 8,40,000 டாலர். அணியில் இருக்கும் வாரங்களுக்கு மட்டும். முகாமில் 90 பேர் இருப்பார்கள், 53 பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த 53-க்கு வெளியே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் பிராக்டிஸ் ஸ்குவாடில் அதே ஆண்டு வாரம் 13,000 டாலர். வீரர் சங்கம் சொல்லும் சராசரி ஆட்ட ஆயுள் சுமார் 3.3 ஆண்டு. பென்ஷனுக்கு 3 சீசன் தேவை.

கடைசியாக விசா, உங்கள் வீட்டில் இதுதான் முதலாவது. எச்-4 நிலை 21 வயதோடு முடியும். கல்லூரி நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரியே வருவாயில் பங்கும் தரலாம். ஆனால் எச்-4, எஃப்-1 மாணவனுக்கு இவை அனுமதியில்லாத வேலையாகக் கணக்காகும் ஆபத்து உண்டு. கிரீன் கார்டு விண்ணப்பமே பாதிக்கப்படலாம். ஸ்காலர்ஷிப் வாங்குவதில் இந்தச் சிக்கல் இல்லை. ஷூக் கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட 200 டாலர் தருகிறார் என்று மகன் வந்து சொன்னால்கூட, குடியேற்ற வழக்கறிஞர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை வாங்க விடாதீர்கள்.