அந்த நரிக்குச் சொல்லுங்கள்

கேள்வி: லூக்கா 13:32-இல் இயேசு ஏரோதை ‘நரி’ என்கிறார். தந்திரக்காரன் என்றுதானே பொருள்?

பதில்: நானும் பல வருடங்கள் அப்படித்தான் வாசித்தேன். கிரேக்கம் கற்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் நின்று யோசித்தேன். மூலத்தில் இருக்கும் சொல் ‘அலோபெக்ஸ்’. நம் ‘நரித்தனம்’ போலவே கிரேக்கரிடமும் அது தந்திரத்தைக் குறித்தது. உங்கள் பொருள் தவறில்லை. ஆனால் பேசியவரும் கேட்டவர்களும் யூதர்கள். “நரிகளுக்குத் தலையாக இருப்பதைவிடச் சிங்கங்களுக்கு வாலாக இரு” என்று யூத ரபிகளின் பழமொழி ஒன்று உண்டு. அங்கே நரி என்றால் அற்பன். நெகேமியா 4:3-ஐயும் பாருங்கள்: யூதர்கள் கட்டும் எருசலேம் மதிலில் ஒரு நரி ஏறினாலே அது இடிந்துவிடும் என்று கேலி செய்கிறான் அவர்களின் எதிரி தொபியா.

ஏரோது அந்திபா முழு அரசன்கூட இல்லை, காற்பங்கு தேசாதிபதி, அதாவது ரோமருக்குக் கீழே ஒரு பகுதியை மட்டும் ஆண்டவன். “அவன் உம்மைக் கொல்லப் பார்க்கிறான்” என்று பரிசேயர் எச்சரித்தபோது வந்த பதில் இது. யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டுவித்தவனைப் பற்றி எவ்வளவு துணிச்சலான சொல்! தந்திரமும் அற்பத்தனமும் இரண்டுமே அதில் இருக்கின்றன என்பது என் கருத்து.

அப்புறம், அலோபெக்ஸ் இலக்கணத்தில் பெண்பால். அதனால் ஏரோதைப் ‘பெண்நரி’ என்று திட்டியதாகச் சிலர் பிரசங்கிப்பது சரியல்ல. ஆண் நரிக்கும் அதே சொல்தான்.

என்னை அதிகம் தொட்டது 34-ஆம் வசனம். குஞ்சுகளைச் சிறகின்கீழே சேர்க்கும் கோழியாக இயேசு தம்மைச் சொல்கிறார், நரியைப் பற்றிப் பேசிய இரண்டே வசனம் தாண்டி.