கிழிந்த படம்

கேள்வி: எனக்கு வயது 64. மகள் கணவரைப் பிரிந்து, இரண்டு வருடமாகத் தோஹாவில் வேலை செய்கிறாள். தரம் 3இல் படிக்கும் பேரனை வெள்ளவத்தையில் நானும் என் இளைய மகனும் வளர்க்கிறோம். வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது எங்கள் இருவரை மட்டும் வரைந்திருக்கிறான். "அப்பா எங்கே?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டதும் கிழித்துவிட்டான். தாய் தகப்பன் அருகில் இல்லாத பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்கள் உறவினர்கள். மகளைத் திரும்பி வரச் சொல்லட்டுமா?
— ஓர் அம்மம்மா, கொழும்பு 6

பதில்: அவசரப்பட வேண்டாம், அக்கா. எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் பெரியம்மாதான் என்னை வளர்த்தார். அன்பில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் "அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்" என்றே சொல்லிவந்தார். எட்டு வயதில் பாடசாலையில் ஒரு சிறுமி சொல்லித்தான் உண்மை தெரிந்தது. அந்தப் பொய் என்னை நெடுங்காலம் வருத்தியது.

பேரனிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "அப்பா எங்கே?" என்ற கேள்விக்குச் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. அதனால்தான் கிழித்திருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள், அது அவனால் நடந்ததல்ல என்று சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள். ஆகவே இதை ஒருமுறை சொன்னால் போதாது. யாராவது கேட்டால், "அப்பா வேறு வீட்டில் இருக்கிறார், நான் அம்மம்மாவோடு இருக்கிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள்.

உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் அவர்களின் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடும்பச் சச்சரவு என்று பல நெருக்கடிகளுக்குள் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவற்றுள் முக்கியமானது, கைவிடாத ஒரு பெரியவரின் அன்பு. சிலருக்கு அவர் தாத்தாவோ பாட்டியோதான்.

இங்கே இரவு ஏழரை என்றால் தோஹாவில் மாலை ஐந்து. மகளுக்கு வசதிப்பட்டால், பேரனோடு அவள் தொலைபேசியில் பேசத் தினமும் அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பில் அவனுடைய குழப்படிகளை ஒப்புவிக்காதீர்கள். புதுச் சப்பாத்து, பிறந்தநாள் சட்டை போன்ற சின்ன முடிவுகளை மகளே எடுக்கட்டும்.

வகுப்பாசிரியையிடமும் ஒருமுறை வீட்டு நிலையைச் சொல்லிவையுங்கள். தகப்பன் அவனைப் பார்க்க வருகிறாரா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மிச்சத்தை அதற்கேற்பச் சொல்கிறேன்.