குவாத்தவீத்தா ஏரியில் தங்கம் கிடைத்ததா?

கொலம்பியாவின் குவாத்தவீத்தா ஏரியில் நிஜமாகவே தங்கம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது, ஆனால் தேடி வந்தவர்கள் கனவு கண்ட அளவுக்குக் கிடைக்கவில்லை.

தலைநகர் போகோட்டாவுக்கு வடகிழக்கே, ஆண்டிஸ் மலையில் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது இந்தச் சிறிய வட்ட ஏரி. இப்பகுதியின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்களுக்கு இது புனிதத் தலம். புதிதாகப் பட்டமேற்கும் தலைவர் உடலெங்கும் பொன்துகள் பூசி, தெப்பத்தில் நடு ஏரிக்குப் போய், பொன்னையும் மரகதத்தையும் காணிக்கையாக நீரில் இடுவார் என்று ஸ்பானியக் குறிப்புகள் சொல்கின்றன.

அப்புறம் சும்மா விடுவார்களா? 1580-களில் அந்தோனியோ தெ செபுல்வேதா என்ற வணிகர் கரையையே வெட்டித் தண்ணீரை வடித்தார். கொஞ்சம் பொன் கிடைத்தது. ஆனால் வெட்டிய இடம் சரிந்து தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அந்த வெட்டு இன்றும் மலைவிளிம்பில் பெரிய பிளவாகத் தெரிகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலேய நிறுவனம் சுரங்கப்பாதை தோண்டித் தண்ணீரை வடித்து ஏரியைக் காலியே செய்துவிட்டது. ஆனால் அடிச்சேறு வெயிலில் காய்ந்து சிமென்ட்டாக இறுகிவிட, தோண்ட முடியவில்லை. ஒரு மக்களின் வழிபாட்டிடத்தை இப்படிச் சிதைத்தது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

அந்தச் சடங்குக்கு மிக அழகான சான்று, தலைவரும் உடன் நிற்பவர்களுமாகப் பொன்னில் வார்த்த, சுமார் 20 செ.மீ. நீளமுள்ள சிறு தெப்பம். அது இந்த ஏரியில் கிடைத்ததல்ல. 1969-இல் பாஸ்கா என்ற ஊருக்கு அருகே ஒரு குகையில் கிடைத்தது. இப்போது போகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏரியை 1965-இல் கொலம்பிய அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. தங்கம் தேடுவதற்கு இனி அங்கே அனுமதி கிடையாது.