இரண்டு புகைபோக்கி இருந்தால் அது சென்னையைச் சுட்ட எம்டன் இல்லை

உங்கள் பழைய அஞ்சலட்டையில் 'எம்டன்' என்ற பெயரும் இரண்டு புகைபோக்கிகளும் இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் அது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் அல்ல. அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள்.

உங்களிடம் இருப்பது அநேகமாக 1925இல் நீரில் இறக்கிய, அதே பெயர் கொண்ட பிந்தைய கப்பல். முதல் எம்டனோ 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. சென்னையை விட்டுப் போய் ஏழு வாரம்கூட ஆகவில்லை! நம்மூரில் "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முன்முனையைப் பாருங்கள். இரும்புச் சிலுவைச் சின்னம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்; முதல் கப்பலின் நினைவாகப் பின்னால் வந்தவைதான் அதைச் சுமந்தன. முதல் கப்பலின் முன்முனை நீர்மட்டத்தை நோக்கி முன்னே நீண்டு சாயும், எதிரிக் கப்பலை முட்டி உடைக்கும் பழைய இடிகப்பல் பாணி.

ஒன்று மட்டும் கவனம். புகைபோக்கியை எண்ணுவதை மட்டும் நம்பி மற்ற படங்களைத் தரம் பிரிக்காதீர்கள். 1916இல் வந்த இரண்டாவது எம்டனுக்கும் மூன்றுதான். தவிர, முதல் எம்டனின் கேப்டன் முல்லர் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்கப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தியிருந்தார். அவர் தாக்கியதில் ரஷ்யாவின் ஜெம்சுக் என்ற போர்க்கப்பல் அன்று மூழ்கியது.